பூஞ்சை என்று ஒரே பெயரில் அடக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் தக்காளி இலைக்கருகல் குறித்து அண்மையில் வெளியான குறிப்பைப் படித்தேன். ராயக்கோட்டை, பாலக்கோடு வட்டாரங்களில் தக்காளியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட குறிப்பு அது. ஆனால் முன்பருவக் கருகலையும் பின்பருவக் கருகலையும் ‘பூஞ்சை நோய்கள்’ என்ற ஒரே தலைப்பில் சேர்த்து, இரண்டுக்கும் டைபெனகோனசோல் மருந்தைத் தெளிக்கலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. முன்பருவக் கருகலுக்கு அது நல்ல மருந்து. பின்பருவக் கருகலிடம் அது எடுபடாது. அந்த நோயை உண்டாக்கும் உயிரி பூஞ்சையே அல்ல என்பதுதான் காரணம். இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்வதோடு, தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பூஞ்சைகளை வகைப்படுத்துவதும் அவற்றுக்குப் பெயரிடுவதும் ஏன் தேர்வோடு முடிந்துபோகும் பாடமாக இருக்கக் கூடாது என்பதையும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முன்பருவக் கருகல் அடியிலைகளில்தான் முதலில் தெரியும். பழுப்புப் புள்ளி விரிய விரிய, வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தோன்றும். இதற்குக் காரணமான ஆல்டர்னேரியா சொலானி என்பது உண்மையான பூஞ்சை. ஆஸ்கோமைசீட்ஸ் என்ற பெரும் குழுவைச் சேர்ந்தது. பின்பருவக் கருகலில் வளையங்கள் இருக்காது. இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல நிறம் மாறிய திட்டு ஒன்று தோன்றி, மழையும் மூடுபனியும் நீடித்தால் சில நாட்களிலேயே செடி முழுவதும் கருகிவிடும். விடியற்காலையில், பனி காய்வதற்குள் இலையைத் திருப்பிப் பார்த்தால், திட்டின் விளிம்பில் மெல்லிய வெண்ணிறப் பூப்பு படர்ந்திருப்பது தெரியும். அதுதான் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்து, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மடியக் காரணமான உயிரி இதுவே. அந்த ஆண்டிலேயே மோன்டாஞ் என்பவர் இதைப் பூஞ்சையாகக் கருதி போட்ரிடிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 1876இல் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இதற்குப் பைட்டோப்தோரா என்ற தனிப் பேரினம் அமைத்தார்.

இழை இழையாக வளர்வதாலும் நுண்ணிய வித்துகளால் (ஸ்போர்) பரவுவதாலும், இதையும் இதன் உறவுகளையும் நெடுங்காலம் பூஞ்சைகளோடு சேர்த்தே படித்தோம், படிப்பித்தோம். ஆனால் இவற்றின் செல் சுவர் பூஞ்சைகளுக்கு உரிய கைட்டினால் ஆனதல்ல. பெரும்பாலும் செல்லுலோசும் அதனை ஒத்த பொருள்களும்தான். இவற்றின் நீந்தும் வித்துகளுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. மரபணு ஆய்வுகள் ஊமைசீட்ஸ் எனப்படும் இந்தக் குழுவைப் பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிகளுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டன. உண்மையான பூஞ்சைகளோ தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவினர். 1753இல் லின்னேயஸ் பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்த்தார். 1969இல் விட்டேக்கர்தான் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் (கிங்டம்) பிரித்த வகைப்பாட்டில் அவற்றுக்கென்று ஓர் உலகத்தை ஒதுக்கினார்.

இந்த உறவுமுறை வயலில் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டைபெனகோனசோல் போன்ற அசோல் மருந்துகள், பூஞ்சை தன் செல் சவ்வுக்காகத் தயாரிக்கும் எர்கோஸ்டீரால் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்துப் பூஞ்சையை ஒடுக்குகின்றன. பைட்டோப்தோரா அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே தடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மறுபுறம், மெட்டலாக்சில் என்ற மருந்து ஊமைசீட்ஸ் குழுவைக் கட்டுப்படுத்தும், ஆல்டர்னேரியாவைத் தொடாது. மான்கோசெப் போன்ற தொடு மருந்துகள் இரண்டையும் ஓரளவு தடுப்பதால்தான் இந்த வேறுபாடு பலருடைய கண்ணில் படாமலே போகிறது. தக்காளி நாற்றங்காலில் வரும் நாற்றழுகலும் மஞ்சளில் வரும் கிழங்கழுகலும் பெரும்பாலும் பித்தியம் என்ற ஊமைசீட்ஸ் பேரினத்தின் வேலைதான். கடனை வாங்கி மருந்து தெளிக்கும் ஒருவருக்கு, எந்த உயிரி எந்தக் குழு என்ற தகவல் பணத்துக்குச் சமம்.

அடுத்து, பெயர் மாற்றங்கள். ‘இந்த விஞ்ஞானிகள் ஆண்டுக்கொரு பெயர் வைக்கிறார்கள்’ என்று ஆசிரியர்களே சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு என்றாலும், மாற்றத்துக்குப் பின்னே உள்ள காரணம் மதிக்கத் தக்கது. பூஞ்சைகளில் பல, இனக்கலப்பால் பெருகும் பால்நிலை, கலப்பின்றியே வித்து விடும் பாலிலி நிலை என இரண்டு வடிவங்களில் வாழ்கின்றன; இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பருவத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோலத் தோன்றும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கப் பெயரிடல் விதிகளே இடம் கொடுத்திருந்தன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூவையும் பிஞ்சையும் கருக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய்ப் பூஞ்சை, பாலிலி நிலையில் கொலிட்டோட்ரைக்கம் என்றும் பால்நிலையில் குளோமெரெல்லா என்றும் அழைக்கப்பட்டது இப்படித்தான். பால்நிலையே காணப்படாத பூஞ்சைகள் அனைத்தும் டியூட்டிரோமைசீட்ஸ் என்ற குழுவில் ஒதுக்கப்பட்டன. உறவின் அடிப்படையில் அல்லாமல், நமக்குத் தெரியாத ஒன்றின் அடிப்படையில் அமைந்த குழு அது.

அந்தக் குழுவுக்குள்ளும் ஒழுங்கைத் தேடியவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் சி. வி. சுப்பிரமணியன், வித்து உருவாகும் முறையை அடிப்படையாகக் கொண்டு, பாலிலிப் பூஞ்சைகளுக்கு 1962இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். நுண்ணோக்கி ஒன்றையே துணையாகக் கொண்டு நம் மாநிலத்தில் பணியாற்றிய ஒருவர் உலகப் பூஞ்சையியலுக்கு அளித்த அந்தப் பங்களிப்பைப் பற்றி நம் மாணவர்கள் பலரும் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மரபணு வரிசையைப் படிக்க முடிந்த பிறகு, பால்நிலை தெரியாத பூஞ்சையையும் அதன் உறவினரோடு சேர்க்க முடிந்தது. 2007இல் பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டில் டியூட்டிரோமைசீட்சுக்கு இடமில்லை. 2011இல் மெல்பர்னில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு இரட்டைப் பெயர் முறையை முடித்துவைத்தது. 2013 ஜனவரி 1 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர்தான். அதே நாளிலிருந்து, புதிய பெயர் எதுவும் அங்கீகரிக்கப்பட்ட பதிவகம் ஒன்றில் பதிவு எண் பெற்றால்தான் செல்லுபடியாகும். கொலிட்டோட்ரைக்கம் நிலைத்தது, குளோமெரெல்லா விலகியது. நம் உழவர்கள் விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் என்று கலக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை தரும் பூஞ்சையும் தன் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. அதன் பால்நிலைப் பெயரான ஹைப்போகிரியா வழக்கொழிந்தது.

கேழ்வரகுக் குலைநோயின் கதை நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நெருக்கமானது. இலையில் இரு முனையும் கூர்ந்த சாம்பல் நிறப் புள்ளியாகத் தொடங்கி, கதிர்க் கழுத்துக் கறுத்து, கதிர் பதராகும் அந்த நோயின் பூஞ்சை, பழைய நூல்களில் பைரிகுலேரியா கிரிசியா என்றும், பால்நிலைப் பெயரால் மேக்னபோர்தி கிரிசியா என்றும் இருக்கும். 2002இல் வெளியான மரபணு ஆய்வு, நெல்லையும் கேழ்வரகையும் தாக்குவது வேறு சிற்றினம், டிஜிடேரியா என்ற களைப்புல்லைத் தாக்கும் கிரிசியா வேறு சிற்றினம் என்று பிரித்தது. முதலாவதற்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் பெயர் பைரிகுலேரியா ஒரைசி. நெல்லைத் தாக்கும் பிரிவும் கேழ்வரகைத் தாக்கும் பிரிவும் ஒரே சிற்றினத்துக்குள் தனித்தனிக் கிளைகள். அந்தக் களைப்புல்லில் உள்ள பூஞ்சைதான் கதிரையும் தாக்குகிறது என்று நினைத்து அதன்மேல் பழி போடுவதற்கு முன் இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். பழைய பெயரை மட்டும் அறிந்த மாணவர், புதிய பெயரில் வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் தவறவிடுவார் என்பதும் உண்டு.

உயிருள்ள பூஞ்சைகளுக்கு மரபணு துணை நிற்கிறது. கல்லில் பதிந்த பூஞ்சைகளுக்கு அந்த வழி கிடையாது. நம் பகுதியில் காலடியில் கிடப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ், சார்னோகைட் பாறைகள் என்பதால் இங்கே பூஞ்சைப் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. நெய்வேலிக்குப் போக வேண்டும். அங்குள்ள பழுப்பு நிலக்கரியில், இலைப்பரப்பில் தட்டையாகப் படர்ந்து வளரும் பூஞ்சைகளின் வித்துறைகள் கிடைத்துள்ளன. அந்தப் பகுதி ஒரு காலத்தில் ஈரம் மிகுந்த காடாக இருந்தது என்பதற்கு அவையும் சான்று. இத்தகைய படிவங்களில் ஆய்வாளருக்குக் கிடைப்பது ஒரு வித்து, ஓர் இழை, ஒரு வித்துறையின் துண்டு. முழு உயிரி அரிதாகவே கையில் வரும். எனவே உயிருள்ள பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று கண்டிப்புக் காட்டும் பெயரிடல் விதிநூல், புதைபடிவங்களின் வெவ்வேறு பாகங்களுக்கும் வாழ்நிலைகளுக்கும் தனித்தனிப் பெயர் வழங்க இன்றும் அனுமதிக்கிறது. புதைபடிவமும் உயிருள்ளதும் ஒன்றே என்று தெரியவந்தால் உயிருள்ளதன் பெயருக்கே முன்னுரிமை. இந்த நிதானமான ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

புரோட்டோடாக்சைட்ஸ் என்ற புதைபடிவத்தைப் பாருங்கள். கனடாவில் கிடைத்த, எட்டு மீட்டர் உயரம்வரை வளர்ந்த தூண் போன்ற இந்த உயிரியை 1859இல் டாசன் ஊசியிலை மரம் என்றார். 1872இல் கேரதர்ஸ் பாசி என்று சொல்லி வேறு பெயர் சூட்டினார். 2001இல் ஹியூபர் பூஞ்சை என்று வாதிட்டார். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த மாதிரிகளை அண்மையில் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள், பூஞ்சைக்குரிய கைட்டின் தடயமே இல்லை, இது அழிந்துபோன தனிக் கிளை என்கிறார்கள். இத்தனை மாற்றத்திலும், முதலில் வைத்த பெயர் என்ற ஒரே காரணத்தால் டாசனின் பெயர் நிற்கிறது. பெயர் ஒரு மாதிரிக்குக் கட்டப்பட்டது, கருத்து மாறலாம் என்ற வேறுபாட்டை மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதே ரைனி பாறையில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தாவரத் தண்டுக்குள், பால்நிலை வித்துப்பைகளோடு கிடைத்த பேலியோபைரினோமைசைட்ஸ் என்ற ஆஸ்கோமைசீட்ஸ் பூஞ்சையை அக்குழுவின் எந்தக் கிளையில் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வைக்கும் கிளையைப் பொறுத்து, பூஞ்சைகள் தோன்றிய காலக்கணக்கே பல கோடி ஆண்டுகள் முன்பின்னாக நகர்ந்துவிடும்.

நம் ஊர்ப் புற்றுக்காளானும் இந்த ஆய்வுக்குள் வருகிறது. மழைக்குப் பின் புற்றின் மேல் எழும் அந்தக் காளானை வேரோடு தோண்டினால், காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, கரையான்கள் வளர்க்கும் கடற்பஞ்சு போன்ற பூஞ்சைத் தோட்டத்தில் போய் முடிவதைக் காணலாம். டெர்மிடோமைசிஸ் என்ற இப்பேரினத்துக்கு 1942இல் பெயரிட்டவர் பிரான்சு நாட்டின் ஹெய்ம். 1979இல் தென்னிந்தியாவிலிருந்து ஒரு சிற்றினத்தை விவரித்த நடராஜன், ஹெய்மின் பெயரையே அதற்குச் சூட்டினார். தான்சானியாவில் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள கரையான் புற்றுகளில் இதே தோட்டங்கள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வேளாண் பக்கத்தில் நோய்க்குறிப்பு வெளியிடும்போது, நோய்க்காரணி உண்மைப் பூஞ்சையா, ஊமைசீட்ஸ் குழுவா என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்; இன்றைய அறிவியல் பெயரையும், ‘முன்னர்’ என்று குறித்துப் பழைய பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டால் சரிபார்த்துச் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழின் வழியாக இரு மாவட்டங்களின் கல்லூரித் தாவரவியல் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பூஞ்சைப் பெயர் எதுவும் கடைசியில் எங்கோ பாதுகாக்கப்படும் ஓர் உலர்ந்த மாதிரியில்தான் ஊன்றி நிற்கிறது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூஞ்சை ஹெர்பேரியம் (உலர்மாதிரிக் காப்பகம்) ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பணியைச் செய்துவருகிறது. தளி, மேலகிரி, தீர்த்தமலைக் காடுகளிலும் நம் வயல்களிலும் காண்பவற்றுக்கு அப்படியொரு சிறு தொகுப்பு இங்கே வேண்டும். பெரிய செலவு இல்லை: நிழலில் உலர்த்திய இலை அல்லது காளான், அதை வைக்க ஒரு காகித உறை, உறையின் மேல் ஊர், நாள், எந்தச் செடியில் அல்லது மண்ணில் கிடைத்தது, எடுத்தவர் பெயர், உலரும் முன் இருந்த நிறம். பெயர் உடனே தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.