உன் கழிவுநீர்த் தொட்டியும் கொல்கத்தா மீன்களும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தபோது கொல்கத்தாவில் மகள் வீட்டில் இருந்தேன். அதனால்தான் பதில் எழுத ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. வாணியம்பாடியில் உன் தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் மீன் விட்டால் தண்ணீர் தெளியுமா என்று கேட்டிருந்தாய். இதற்கு விடை தேடத் தோதான ஊரில்தான் இருக்கிறோம் என்று தோன்றவே, ஒரு நாள் விடியற்காலையில் மருமகனுடன் நகரின் கிழக்கு ஓரத்துக்குப் போய்வந்தேன்.

குளமும் வயலும் காய்கறித் தோட்டமுமாக 12,500 ஹெக்டேர் ஈரநிலம் அது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2002-இல் சேர்ந்தது. நகரத்தின் சாக்கடை நீர் வாய்க்கால்கள் வழியே வந்து, ‘பேரி’ என்று அவர்கள் சொல்லும் மீன்குளங்களில் விழுகிறது. மதகருகே கறுப்பாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்துடன் நுழைந்த நீர், மறுகரையில் பச்சையாக, வாடையின்றிக் கிடந்தது. அங்கே வலையிழுத்தவர்கள் ரோகுவையும் கட்லாவையும் ஜிலேபிக் கெண்டையையும் அலுமினியப் பாத்திரங்களில் துள்ளத் துள்ள நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நீரைத் தெளியவைப்பது மீன் அல்ல. குளம் ஆழமற்றது என்பதால் வெயில் நன்றாக இறங்குகிறது. பாக்டீரியா கழிவைச் சிதைக்க, அதில் வெளிப்படும் சத்தை உண்டு பாசி பெருக, பாசி தரும் ஆக்சிஜனால் பாக்டீரியா மேலும் வேலை செய்கிறது. அந்தப் பாசி மிஞ்சி அழுகிவிடாமல் தின்று, சத்தைத் தன் உடம்பிலேற்றிக் கரைசேர்வதுதான் மீனின் பங்கு. 1980-களின் தொடக்கத்தில் துருவஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், நகரத்துச் சாக்கடை கடைசியில் எங்கே போகிறது என்று தேடிப்போய்த்தான் மீனவர்களின் இந்தக் கைப்பழக்கத்தை உலகறியச் செய்தார்.

உன் தொட்டியில் விழுவதோ வேறு சரக்கு. பச்சைத் தோலை அலசும்போது வரும் உப்பை எந்த மீனும் குடித்துத் தீர்க்காது. தோல் பதனிடப் போடும் குரோமியம் சிதைந்து மறையாது, சேற்றில் படியும், மீனின் செவுளிலும் ஈரலிலும் சேரும். வேலூர்த் தோல் ஆலைகள் பற்றித் தீர்ப்பு வந்த அதே 1996-இல்தான் கொல்கத்தா ஆலைகளையும் நகரைவிட்டு வெளியேறச் சொன்னது உச்ச நீதிமன்றம். அவை போய்ச் சேர்ந்த பந்தலா இந்த ஈரநிலத்தின் ஓரத்திலேயே இருப்பதை என்னவென்று சொல்வது!

ஆனாலும் மீனால் உனக்கு ஓர் உபயோகம் உண்டு. வெளியேற்றும் கழிவுநீரில், வேறு நீர் கலக்காமல், 96 மணி நேரத்துக்குப் பிறகும் 90 சதவீத மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொது விதி. நான் வேலைபார்த்த ஆலையிலும் பார்வைக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது; ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் முந்தின இரவே ஆழ்துளைக் கிணற்று நீரும் புது மீன்களும் அதற்குள் போய்விடும். நானும் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ அப்படிச் செய்யமாட்டாய். கடைசித் தொட்டி நீரில் பத்துக் குஞ்சுகளை விட்டு, நான்கு நாள் கழித்து எத்தனை மிஞ்சின என்று எழுது. பத்தும் பிழைத்தாலும் சரி, அவற்றை யாரும் குழம்புக்கு எடுத்துப்போக விட்டுவிடாதே.

அன்புடன்,
ராமலிங்கம்