பின்னுக்கு இழுத்த பீரங்கி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கமே போக விடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஹனோயில் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும், வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கப்பா என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போய்விட்டு போன வாரம்தான் திரும்பினேன்.

உன் பேரன் கேட்டதாக எழுதியிருந்தாயே, வியட்நாமில் விமானமும் டாங்கியும் வைத்திருந்த பிரெஞ்சுக்காரனைக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் எப்படித் தாத்தா ஜெயித்தார்கள் என்று. நீ "துணிச்சல்தான்டா" என்று சொல்லி முடித்துவிட்டாய். அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்துக்கே போய் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். துணிச்சல் இருந்தது, இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அங்கே பார்த்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஹனோயில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது தியென் பியென் பூவில் இறக்கிவிடுகிறார்கள். லாவோஸ் எல்லைக்குப் பக்கம். நான் இறங்கியபோது பனி மூட்டம், அது மெல்ல விலக விலகச் சுற்றிலும் மலை, நடுவில் கண்ணுக்கு எட்டும்வரை நெல் வயல். இவ்வளவு அழகான இடத்திலா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

1953 நவம்பர் 20 அன்று இந்தப் பள்ளத்தாக்கில்தான் பிரெஞ்சுக்காரர்கள் பாராசூட்டில் படையை இறக்கினார்கள். லாவோஸுக்குப் போகிற வழியை அடைக்க வேண்டும், விடுதலைக்குப் போராடிய வியட் மின் படையைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்துத் திறந்த வெளியில் நசுக்க வேண்டும், இதுதான் பிரெஞ்சுத் தளபதி ஜெனரல் நவாரின் திட்டம். ஹனோயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். தரைவழி அவர்கள் கையில் இல்லை, அரிசி முதல் குண்டு வரை எல்லாம் விமானத்தில்தான் வந்தாக வேண்டும். எதிரியின் பாடு அதைவிட மோசம் என்று அவர்கள் போட்ட கணக்கில்தான் எல்லாமே நின்றது. கனரகப் பீரங்கியை இந்த மலைகளைத் தாண்டிக் கொண்டுவர முடியாது, வந்தாலும் அத்தனை பேருக்கு மாதக்கணக்கில் சோறு போட முடியாது. அது முட்டாள் கணக்கு இல்லை மாப்ளே. நீ முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவன், உன்னிடம் அந்த மேப்பைக் காட்டிக் கேட்டிருந்தால் நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய்.

அங்கே மியூசியத்தில் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறார்கள். நான் அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். நம் அப்பா காலத்துச் சைக்கிள் மாதிரியே கனமான இரும்பு. ஏறி ஓட்ட முடியாது, தள்ளத்தான். ஹேண்டில்பாரின் ஒரு முனையில் நீளமாக ஒரு மூங்கிலைக் கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தபடியே திருப்பலாம். சீட்டுக்குப் பின்னால் நட்டுக்குத்தலாக இன்னொரு கம்பு, மேட்டில் தள்ளவும் பள்ளத்தில் இழுத்துப் பிடிக்கவும். பார் கம்பியின் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க மரச் சட்டம். டியூப் வெடிக்காமல் இருக்கப் பழைய துணியைக் கிழித்து டியூபைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்திருக்கிறார்கள். இப்படிச் செய்தால் ஒரு சைக்கிளில் 200 கிலோ போகும். மா வான் தாங் என்ற ஒருவர் 352 கிலோ ஏற்றித் தள்ளியிருக்கிறார். அவற்றில் நிறைய பெஜோ சைக்கிள்கள், பிரான்ஸிலேயே செய்தவை. அப்படிச் சுமார் 20,000 சைக்கிள்கள்.

தலைச்சுமையாகத் தூக்கிப் போகிறவனிடம் என்ன கஷ்டம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொண்டு போகிற அரிசியில் பெரும்பகுதியை வழியிலேயே அவனே சாப்பிட்டாக வேண்டும். தூரம் கூடக் கூட, போய்ச் சேருவது குறைந்துகொண்டே வரும். சைக்கிள் அந்தக் கணக்கை மாற்றியது, ஒரு ஆளின் சாப்பாட்டுச் செலவில் பத்து ஆள் சுமை போனது. 600-க்கு மேல் லாரிகளும் இருந்தன, அதை மறைத்து வெறும் சைக்கிளால் ஜெயித்தார்கள் என்று சொல்வதும் சரியில்லை. ஆனால் லாரி போகிற வழியையும் ஆட்கள்தான் வெட்டினார்கள், பகலில் விமானம் குண்டு போட்டு உடைத்தால் ராத்திரியில் நிரவினார்கள். தான் ஹோவா மாதிரி எங்கோ கீழே இருக்கிற நெல் விளையும் மாகாணங்களிலிருந்தெல்லாம் சுமந்தார்கள். போர்வீரர்கள் இல்லாமல், சுமை தூக்கவும் வழி போடவும் வந்த ஊர் ஜனங்கள் மட்டும் 2,60,000 பேருக்கு மேல், அதில் பெண்கள் ஏராளம். அதற்குப் பத்து வருஷத்துக்குள்தான் 1945 பஞ்சத்தில் அந்த வட பகுதியில் லட்சக்கணக்கான பேர் பட்டினியில் செத்திருந்தார்கள். அந்த ஜனங்கள்தான் அரிசி மூட்டையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சைக்கிள் முன்னால் நின்றபோது எனக்கு இதுதான் தொண்டையை அடைத்தது.

இனிதான் நான் சொல்ல வந்தது. வியட் மின் படையை நடத்தியவர் ஜெனரல் கியாப். ராணுவப் பள்ளி எதிலும் படிக்காதவர், ஹனோயில் சரித்திர வாத்தியாராக இருந்தவர், மனைவி பிரெஞ்சுச் சிறையில் செத்துப்போனவர். 1944 டிசம்பரில் 34 பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர். ஒன்பது வருஷம் கழித்து 1954 ஜனவரியில் அவர் இந்த மலைமேல் நிற்கும்போது கீழே பத்தாயிரத்துக்கும் மேலான பிரெஞ்சுப் படை. சீனா கொடுத்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள், ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். கடைசி 15 கிலோமீட்டருக்கு வண்டி போகாது. வடம் கட்டி மனிதர்களே இழுத்தார்கள், ராத்திரி மட்டும், விளக்கில்லாமல், ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக. நம்ம திருநள்ளாறு தேரை நினைத்துக்கொள், ஆனால் சமமான வீதியில்லை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். முன்னால் வடம் பிடிப்பவர்கள், பின்னால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். ஜனவரி 26 சாயங்காலம் தாக்குதல் என்று எல்லாம் முடிவாகி, இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடலாம் என்று சீன ஆலோசகர்கள் உட்பட எல்லோரும் நம்பிக்கையாக இருந்தார்கள்.

அதற்கு முந்தைய ராத்திரி கியாப் தூங்கவில்லை. தலைவலி மண்டையைப் பிளக்க, மருத்துவர் மாசிப்பத்திரி மாதிரியான இலையை அவர் நெற்றியில் வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார். யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரி பலமாகிவிட்டான். நம் ஆட்கள் பகலில் வெட்டவெளியில் சண்டை போட்டுப் பழகாதவர்கள். பீரங்கியையும் காலாட்படையையும் சேர்த்து வைத்து இவ்வளவு பெரிதாக நடத்தியதும் இல்லை. நிச்சயமாக ஜெயிப்போம் என்றால் அடி, இல்லையென்றால் அடிக்காதே என்று தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பியிருந்தார். விடிந்ததும் கூட்டம் போட்டுத் தாக்குதலை நிறுத்தினார். பீரங்கிகளைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்.

நினைத்துப் பார் மாப்ளே. ராத்திரி ராத்திரியாக உயிரைக் கொடுத்து மேலே ஏற்றி, நாளைக்குச் சுடப்போகிறோம் என்று காத்திருக்கிறவனிடம் போய், திருப்பி இழு என்று சொல்ல வேண்டும். கோபம், அழுகை, கேள்வி எல்லாம் வந்திருக்கும். ஆனாலும் இழுத்தார்கள். இறக்கத்தில் இழுப்பது ஏற்றத்தைவிட ஆபத்து. பிறகு ஆறு வாரம் புது வழி வெட்டி, மலை முகத்திலேயே குகை குடைந்து, அதே பீரங்கிகளைத் திரும்ப ஏற்றி வைத்தார்கள். தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே கடினமான முடிவு அதுதான் என்று கியாப் பின்னால் சொல்லியிருக்கிறார். 102 வயது வரை இருந்தவர், அதற்கப்புறம் அமெரிக்கப் போரையும் பார்த்தவர், அவர் சொல்கிறார்.

அந்த ஜனவரி 26-இல்தான் போர் முடிந்தது என்பது என் அபிப்பிராயம். துணிச்சல் மட்டுமே இருந்திருந்தால் அன்றைக்கே பாய்ந்திருப்பார்கள், கம்பிவேலியில் விழுந்து செத்திருப்பார்கள். ஒத்திப்போடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும், ஒத்திப்போட்ட பிறகு ஆறு வாரம் சோறு போடுவதற்கு அந்தச் சைக்கிள்கள் வேண்டும்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் 13 சாயங்காலம் தொடங்கினார்கள், அன்று ராத்திரியே பெயாத்ரிஸ் அரண் விழுந்தது, இரண்டே நாளில் கப்ரியேல். பிரெஞ்சுப் பீரங்கிப் படைத் தலைவர் கர்னல் பிரோத், ஏற்கெனவே ஒரு கையை இழந்தவர், எதிரிப் பீரங்கி எதுவும் தன்னிடம் தாக்குப்பிடிக்காது என்று உறுதி சொல்லியிருந்தவர், எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாமல் கையெறி குண்டால் தற்கொலை செய்துகொண்டார். மார்ச் கடைசியில் விமானத் தளம் செத்துவிட்டது. காயம்பட்டவர்களைக்கூட வெளியே கொண்டுபோக வழியில்லை. வியட் மின் ஆட்கள் சுற்றிலும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டே நெருங்கினார்கள், கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த ஏ1 குன்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான வெடிமருந்தை மே 6 ராத்திரி வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, ஓரத்தில் புல் முளைத்திருக்கிறது. மே 7 சாயங்காலம் அங்கிருந்த பிரெஞ்சுத் தளபதி தெ காஸ்த்ரி பிடிபட்டார். மறுநாள் ஜெனீவாவில் இந்தோசீனாவைப் பற்றி, அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியாவைப் பற்றிப் பேச்சுவார்த்தை.

தோற்ற பக்கத்தையும் உன் பேரனுக்குச் சொல். அந்தக் குழிகளுக்குள் கிடந்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. அல்ஜீரியர்கள், மொராக்கோக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், அந்தப் பகுதியின் 'தாய்' என்ற இனத்து மலைமக்கள், வியட்நாமியர்கள், வெளிநாட்டுப் படையணியில் ஏராளமான ஜெர்மானியர்கள். கட்டாய ராணுவ சேவையில் சேர்ந்த பிரெஞ்சுப் பையன்களை இந்தோசீனாவுக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் அடிமைப்பட்ட ஒரு நாட்டை அடக்க இன்னொரு அடிமை நாட்டு ஆளை அனுப்பினார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் கைதியானார்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் சுமார் 3,300 பேர்தான். ஜெயித்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை விட்டுவிட்டுச் சொன்னால் பொய்யாகிவிடும்.

நம் தெருவில் இருந்த சொல்தா தாத்தாவை ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்காக மாசா மாசம் பிரான்ஸ் பென்ஷன் வாங்கியவர், வியட்நாமில் சைகோனில் இருந்தவர். நாம் சுற்றி உட்கார்ந்து சண்டைக் கதை கேட்டால், அங்கே மழை ஜாஸ்தி என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார். சின்ன வயசில் நமக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்தக் குன்றில் நின்றபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அவரும் இப்படி அனுப்பப்பட்ட ஒருவர்தானே.

இன்னொன்று. 1954 நவம்பர் 1, நம் காரைக்காலும் புதுச்சேரியும் பிரான்ஸ் கையிலிருந்து இந்தியாவிடம் வந்த நாள், பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பார்களே. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. தியென் பியென் பூ விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் இது நடந்தது என்று ஒரே போடாகச் சொல்ல மாட்டேன், நம் ஊர்க்காரர்கள் தனியாகப் போராடியிருக்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் பாரிஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இனி எதையும் பிடித்து வைத்திருக்க முடியும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. இந்தோசீனா ஒப்பந்தத்தை முடித்த அதே மெந்தெஸ் பிரான்ஸ் என்பவர்தான் அப்போது பிரெஞ்சுப் பிரதமர்.

கிளம்புகிற அன்று ஏ1 குன்றுக்கு எதிரே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அறுநூறுக்கு மேல் கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. பெயர் உள்ள சிலவற்றில் ஒன்று தோ வின் தியென். பிப்ரவரி 1 ராத்திரி, பீரங்கியைப் பின்னுக்கு இறக்கும்போது செங்குத்தான சரிவில் வடம் அறுந்து, இரண்டு டன் இரும்பு பள்ளத்தை நோக்கி ஓட ஆரம்பித்தபோது, சக்கரத்துக்கு அடியில் தன் உடம்பையே போட்டு நிறுத்தியவர். முட்டுக்கட்டைக்குப் பதில் ஆள். போர் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருந்தது, அந்தப் பீரங்கி அன்றைக்கு முன்னால்கூடப் போகவில்லை, பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒரு அம்மாளிடம் ஊதுபத்தி வாங்கி அங்கே ஏற்றி வைத்தேன். மகளும் பக்கத்தில் நின்றாள், ரெண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த அரிசி ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறேன், மணி சின்னதாக, நல்ல வாசனை. பொங்கல் முடிந்து வருகிறேன். தங்கச்சியை உட்காரச் சொல்லிவிட்டு நாமே வடிப்போம், பையனையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே