தூசி எடுக்கக் கொடுத்தால் பிராசஸரையே பிடுங்கிக் கொடுத்த சர்வீஸ்

அனுப்புநர்: பனியன் துணி வெட்டுவதற்கான வரைபடம் (மார்க்கர்) கம்ப்யூட்டரில் போட்டுத் தரும் சுயதொழிலர், திருப்பூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: உங்களிடம் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடுகள்) சுத்தம் செய்யாதது, பிராசஸரின் ஊசி போன்ற பின்கள் வளைந்தது, வாரண்டி மறுப்பு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனிதர் படித்தால் புண்ணியமாகப் போகும்.

பவர் போட்டுக் கால் மணி நேரத்தில் மெஷின் அணைகிறது என்பதுதான் முதலில் நான் சொன்ன குறை. விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே பிராசஸர் சூடு 88 டிகிரி. நெஸ்டிங் (வெட்டுத் துண்டுகளைத் துணியில் நெருக்கி அடுக்கும் வேலை) ஓடவிட்டால் 95-ஐத் தொடும், வேகம் தானாக இறங்கும், பிறகு கருப்புத் திரை. இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். சாதாரணத் தூசி பொடியாகப் படியும், ஊதினால் போய்விடும். பனியன் துணிப் பஞ்சு அப்படியில்லை. ஃபேன் கீழே தள்ளும் காற்றோடு வந்து, ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளின் மேல் விளிம்பில் நார்நாராகச் சிக்கி, கம்பளி மாதிரிப் பின்னிக்கொள்ளும். ஃபேன் சுற்றும், சத்தமும் கேட்கும், தகடுகளுக்குள் மட்டும் காற்று இறங்காது. ஃபேன் இறக்கை மறைப்பதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபேனைத் தனியே எடுத்துவிட்டு, சின்ன பிரஷால் அந்தப் பஞ்சை ஓரத்திலிருந்து நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். மீதியைப் பக்கவாட்டில் ஊதினால் போதும். பத்து நிமிட வேலை.

உங்கள் ஆள் என்ன செய்தார்? ஃபேனைக் கழற்றவே இல்லை. கேபினட் கதவைத் திறந்து, பெரிய புளோயரை ஃபேன் மேலேயே பிடித்தார். மேலே கிடந்த பஞ்சு தகடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொண்டது. ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய், அன்றிலிருந்து கரகரவென்று சத்தம். ஜாப் ஷீட்டில் மட்டும் "கிளீனிங் முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்து உங்கள் ஹெல்ப்லைன். அந்தத் தம்பியின் குரல் இன்னும் காதில் நிற்கிறது. "விண்டோஸ் ரீஇன்ஸ்டால் பண்ணுங்க சார்." 88 டிகிரி காட்டுவது பயாஸில், விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் என்றேன். "உங்க ஊர்ல தூசி ஜாஸ்தி, அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? ஏசி ரூம்ல வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். விற்கும்போது இது திருப்பூர் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் ஷோரூம் இருப்பதே பனியன் கம்பெனிகளுக்கு நடுவில்தானே!

நானே திறந்து சுத்தம் செய்திருப்பேன். சீல் கிழிந்தால் வாரண்டி கிடையாது என்று கார்டில் அச்சடித்தது நீங்கள். திறக்கவும் விடமாட்டீர்கள், திறந்து செய்யவும் மாட்டீர்கள்.

ஒரு பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இன்னைக்கே கொண்டாங்க" என்று போனில் சொன்னதை நம்பி, கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு 50 கிலோமீட்டர் பஸ்ஸில் கோவையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், டெஸ்க்டாப்புக்கு புதன்கிழமை மட்டும்தான் டோக்கனாம். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை மறுபடி போனபோதுதான் பெரிய நாசம். என் கம்ப்யூட்டரில் பிராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 வகை சாக்கெட். அதில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் நாள்பட்டால் பசைபோல் இறுகியிருக்கும். பிராசஸரைப் பிடிக்கும் லீவர் பூட்டியிருந்தாலும் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு பிராசஸர் சாக்கெட்டை விட்டு வந்துவிடும். அதனால்தான் முதலில் பத்து நிமிடம் ஓடவிட்டு சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்கள் ஆளோ கவுண்டருக்குப் பின்னால் என் கண் முன்னாலேயே ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தார். "டக்" என்று பிராசஸர் தொங்கியது. ஒரு மூலையில் இரண்டு வரிசைப் பின் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்காமல், அதன் மேலேயே புதியதைப் பிதுக்கி வைத்தார். பட்டாணி அளவு போதுமே, பாதி டியூப் போயிற்று. மெஷின் ஆன் ஆகவில்லை. உடனே ஷீட்டில் "கஸ்டமர் டேமேஜ்" என்று எழுதினார்கள். சீல் ஒட்டியது உங்கள் ஆள், கிழித்தது உங்கள் ஆள், இழுத்தது உங்கள் ஆள். கஸ்டமர் எங்கே டேமேஜ் செய்தான்?

மூன்று வாரமாக வேலை இல்லை. மார்க்கர் கேட்டு வந்த பார்ட்டிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்டம், என் தொழிலே படுத்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

உங்கள் பொருள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, அதனால்தான் தன்மையாக எழுதுகிறேன். புது பிராசஸர், புது ஃபேன், பழுதாய்க் கிடந்த நாட்களுக்கு வாரண்டி நீட்டிப்பு, "கஸ்டமர் டேமேஜ்" என்ற வரியை அடித்துவிட்ட ஜாப் ஷீட் ஆகியவை 15 நாளில் வந்து சேர வேண்டும். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வணிகப் பயன்பாடு என்று நழுவப் பார்க்காதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளும் அந்தச் சட்டத்தில் அடங்கும். வளைந்த பின்களின் போட்டோ, இரண்டு ஜாப் ஷீட், பஸ் டிக்கெட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இனி நான் கோவைக்கு வரமாட்டேன். ஆளை இங்கே அனுப்புங்கள். புளோயரோடு ஒரு பிரஷையும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி கார்டு நகல், ஜாப் ஷீட் நகல் 2, போட்டோ 3