அந்த ஐந்தையும் சேர்த்து வாங்காதே

ரங்கூன்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே கம்பியில் கோத்த, பிரிட்டன் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கம் ஐந்து: 1939–45 ஸ்டார், பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல். மத்திய பர்மாவின் மெய்க்டிலாவில் சண்டை போட்ட ஒரு சிப்பாயுடையது, அவர் வீட்டாரே விற்கக் கொடுத்தது என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

பசிபிக் ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கொடுத்ததில்லை. இரண்டுக்கும் தகுதி வந்தால், முதலில் தகுதி வந்த ஸ்டார் மட்டும்தான் கையில் கிடைக்கும். மற்றதற்குப் பதிலாக அதன் பெயர் எழுதிய கிளாஸ்ப் என்ற சின்ன உலோகப் பட்டை ஒன்றை ரிப்பனில் தைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். பர்மா ஸ்டார் வாங்கியவருக்கு ‘பசிபிக்’ கிளாஸ்ப், பசிபிக் ஸ்டார் வாங்கியவருக்கு ‘பர்மா’ கிளாஸ்ப். சட்டையில் ரிப்பன் மட்டும் குத்தும் நாளில் கிளாஸ்புக்குப் பதில் சின்னதாக ஒரு வெள்ளி ரோஜா. ஆக அந்தக் கம்பியை யாரோ சந்தையில் பொறுக்கியெடுத்துக் கோத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தியப் படைச் சிப்பாய் என்றால் டிஃபென்ஸ் மெடலின் இடத்தில் இந்தியா சர்வீஸ் மெடல் இருப்பதுதான் வழக்கம். பின்புறம் இந்திய வரைபடம் இருக்கும், பார்த்ததும் தெரியும். அவருக்கு இயல்பான வரிசை 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல்.

கோத்தது பொய் என்பதால் ஒவ்வொன்றும் பொய் என்று ஆகாது. பர்மா ஸ்டார் நல்லதாக இருக்கலாம், தனியாக விலை பேசு. அதற்கு முன் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல். கழற்ற மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு.

பர்மா ஸ்டாரின் உயரம் 44 மில்லிமீட்டர், அகலம் 38. செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம், அச்சில் அடித்தது, பின்பக்கம் வெறுமை. போலி பெரும்பாலும் நல்ல ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்ததாக இருக்கும். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் 44 இருக்க வேண்டிய இடத்தில் 43 சொச்சம்தான் வரும். ‘தேய்ந்துபோச்சு’ என்று சமாதானம் சொல்வார்கள். தேய்மானம் முனையை மழுக்குமே தவிர நடுவட்டத்தைச் சுருக்காது. அதனால் நல்ல ஸ்டார் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ‘த பர்மா ஸ்டார்’ என்று எழுதிய வளையத்தின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அள. பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் எழுத்துக்கு நடுவே பார். அச்சடித்ததில் தரை வழவழப்பாக இருக்கும். வார்த்ததில் இட்லியைப் பிட்டதுபோல் நுண்ணிய துளை இருக்கும், எழுத்தின் ஓரமும் உருண்டிருக்கும்.

காந்தத்தை நம்பாதே. இரும்பு என்றால் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். துத்தநாக வார்ப்பும் ஒட்டாது, நல்லதும் ஒட்டாது. அடர்த்தியைப் பார். இதை உன் அறையிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும், கியாத்தா என்ற பர்மிய எடையில் அல்ல, கிராமில். ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கு. மெல்லிய நூலில் பதக்கத்தைக் கட்டி, தண்ணீருக்குள் முழுக முழுகத் தொங்கவிடு, அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. இப்போது தராசு காட்டுவது பதக்கம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இதால் வகு. உதாரணமாக 31 கிராம், தண்ணீரில் 3 கிராம் என்றால் 10.3: ஸ்டெர்லிங் வெள்ளி. 8.9 பக்கம் வந்தால் செம்பு-நிக்கல் கலவை. பர்மா ஸ்டார் எட்டரையை ஒட்டி வர வேண்டும். ஏழுக்குக் கீழே இறங்கினால் மஞ்சள் முலாம் பூசிய துத்தநாகம்.

இதில் பிசகும் இடம் இரண்டு. வளையத்தின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் வகுத்து வரும் எண் குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பதக்கத்தை ஒரு தடவை ஆட்டிவிடு. தராசு 0.1 கிராம்தான் காட்டும் என்றால் செய்யாதே. அந்த 0.1 பிசகினால் 10.3 என்பது பத்தாகவும் வரும், 10.7 ஆகவும் வரும். பிரிட்டனில் அடித்த வார் மெடலும் டிஃபென்ஸ் மெடலும் செம்பு-நிக்கல்தான். வெள்ளியில் கொடுத்தது கனடா. இங்கே ‘வெள்ளி’ என்று சொல்லி விலை ஏற்றினால் சிரித்துக்கொண்டே தராசை எடு.

பின்பக்கம் பெயர் வெட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கத்தில் பெயர் கிடையாது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரிட்டன் வீரரின் பதக்கத்தில் பெயர் இருந்தால், வாங்கியவர் பிறகு ஆசாரியிடம் கொடுத்து வெட்டியிருப்பார், அல்லது போன வாரம் கடைக்காரர் வெட்டியிருப்பார்.

ரிப்பனுக்கு வருகிறேன். அகலம் 32 மில்லிமீட்டர். பர்மா ஸ்டாருக்குக் கருநீலத் தரை, நடுவில் அகலச் சிவப்பு, இரண்டு நீலத்தின் நடுவிலும் ஒரு ஆரஞ்சுக் கோடு. சிவப்பு காமன்வெல்த் படைகளுக்கு, ஆரஞ்சு சூரியனுக்கு. புது ரிப்பனைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்குவது இங்கே சாதாரணம். மடிப்பை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார். உண்மையில் வெளுத்த ரிப்பன் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வெளுத்திருக்கும், மடிப்புக்குள்ளே நிறம் பளிச்சென்று இருக்கும். உள்ளும் புறமும் ஒரே பழுப்பு என்றால் டம்ளரில் ஊறியது. ஓரத்திலிருந்து ஒற்றை நூலை உருவித் தீயில் காட்டு. பட்டு முடி கருகிய வாடை அடிக்கும், பருத்தி காகிதம் எரிந்த வாடை அடிக்கும். உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர், போர்க்காலத்தது அல்ல. புற ஊதா டார்ச்சும் உதவும், புது நூல் நீல வெள்ளையாக ஜொலிக்கும். ஆனால் பழைய ரிப்பனை யாராவது இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஜொலிக்கும். டார்ச்சை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே. ரிப்பன் புதிது என்பதால் பதக்கமும் புதிது என்று எண்ணிவிடாதே, இற்றுப்போனதை மாற்றுவது எப்போதும் உண்டு.

கூடவே படம் அனுப்பினாயே, துணியில் தைத்த ரிப்பன் பட்டை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பதக்கம் வீரர் கைக்கு வந்தது போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து. அதுவரை ரிப்பன் மட்டும்தான், அதையும் முகாமுக்குப் பக்கத்துத் தையற்காரர் தைத்துக் கொடுத்தார். அதனால் கோணல் தையல், உயரம் ஒன்றுபோல் இல்லாதது எல்லாம் குற்றமில்லை. பின்னால் காக்கித் துணியும் பித்தளை ஊசியும் இருக்கிறதா, ஊசியின் துரு அதே இடத்தில் துணியில் ஊறியிருக்கிறதா என்று பார். வரிசையும் பார். 1939–45 ஸ்டாரின் மூன்று நிறத்தில் கருநீலம் அணிந்தவரின் வலக்கைப் பக்கம், அதாவது சட்டைப் பொத்தானை ஒட்டி இருக்க வேண்டும். தலைகீழாகத் தைத்திருந்தால், அணிந்தவருக்காகத் தைத்ததா விற்பதற்காகத் தைத்ததா என்று கேட்கலாம்.

பழைய வெள்ளிப் பதக்கம் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லாமல் வாங்காதே. 1854-இல் ஏற்படுத்திய இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடலின் முதல் கிளாஸ்பே ‘பெகு’, 1852–53 பர்மியப் போருக்கு. பிறகு ‘பர்மா 1885–7’. ரிப்பன் மூன்று சிவப்பு, இரண்டு நீலம். சென்னைப் படையினர் நிறையப் பேர் வாங்கியது. இதில் பதக்கம் நிஜமாகவே இருக்கும், திருட்டு விளிம்பில் நடக்கும். உள்ள பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் வெட்டுவார்கள். 36 மில்லிமீட்டர் விட்டத்தை எட்டு இடத்தில் அள. ராவிய இடம் அரை மில்லி குறையும். அச்சுக்குத்திய எழுத்தின் இரு கரையிலும் உலோகம் துளி எழும்பியிருக்கும், கையால் வெட்டியது பளபளக்கும் வாய்க்கால். பழைய காலத்திலேயே கையால் வெட்டிக் கொடுத்ததும் உண்டு, ஆகவே வெட்டு மட்டும் குற்றமல்ல, வெட்டுக்கு அடியில் பள்ளம் இருந்தால்தான். கிளாஸ்பை மாட்டும் ரிவெட் புதிதாக மின்னினால் பிறகு சேர்த்தது. ‘பர்மா 1885–7’ முதல் படையோடு போன வேலையாட்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். விளிம்பில் டோலி தூக்கியவர், தண்ணீர்த்துருத்தி சுமந்தவர் என்று தொழில் இருக்கும். வெண்கலம்தானே என்று தள்ளிவிடாதே, எனக்கு அதுதான் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1824–26 பர்மியப் போருக்குக் கொடுத்தது இன்னும் பழசு. ஆவா என்ற பர்மிய அரசின் வெள்ளை யானை சிங்கத்தின் முன் மண்டியிடும், பின்பக்கம் ரங்கூன் பகோடா. அதை இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பிற்காலத்தில் மறுபடி அடித்தவையும் உலவுகின்றன, விளிம்பில் பெயரும் இல்லாததால் நான் படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நேதாஜி படைப் பதக்கம் என்று கடைக்காரர் காட்டியதை விடு. ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்தது வியன்னாவில் சூவால் என்ற பட்டறை, போருக்குப் பிறகும் அதே பட்டறை அடித்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் அந்தப் படையின் காகிதம் ஒன்று இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

வாங்கினால் புளி போட்டுத் தேய்க்காதே. குத்துவிளக்குக்குச் சரி. ஸ்டாரில் புளியின் அமிலம் துத்தநாகத்தை அரித்துவிடும், மஞ்சள் போய்ச் செம்பு இளஞ்சிவப்பாக நிற்கும், திரும்ப வராது. மெழுகுபோல் பச்சையாக ஒட்டியிருந்தால் பிவிசி உறையில் வைத்திருந்த குறி. ரிப்பனைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, அசிட்டோனில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் தள்ளு. ரப்பர் பேண்ட் போடாதே, கந்தகம் வெள்ளியைக் கறுக்கச்செய்யும். மழைக்காலத்தில் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்று.

சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்று உன் சிநேகிதன் சொன்னதற்கு: இந்த நாட்டின் 2015 தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருள் தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. பர்மா ஸ்டாருக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை, பெகு மெடலுக்கு எப்போதோ ஆகிவிட்டது.

சிப்பாயின் பெயரும் எண்ணும் கடைக்காரரிடம் இருந்தால் வாங்கி அனுப்பு. அவர் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பதிவில் படைப்பிரிவோடு கிடைக்கும். ரங்கூனை அடுத்த தௌக்கியான் போர்க் கல்லறையின் நினைவுத் தூணிலேயே ஏறக்குறைய 27,000 பெயர் இருக்கிறது. படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். முன், பின், விளிம்பைச் சுற்றி நாலு, வளையம் ஒட்டிய இடம், ரிப்பன் மடிப்புக்குள், எல்லாவற்றிலும் பக்கத்தில் ஒரு ஸ்கேல். ரிப்பன் பட்டையை மட்டும் விலை கேட்டு வை.

அன்புடன்,
அம்மா