குழம்புக் கரண்டிக்கு எத்தனை கிராம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பு இளைக்கவே இளைக்காது, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் ஊதும் என்று சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகி எழுதியிருந்தார். நான்கு மாதம் வாயைக் கட்டி ஐந்து கிலோ குறைத்தாராம். அதன் பிறகு இரண்டு மாதமாக எடைப் பொறி அசைய மறுக்கிறதாம். அவருடைய எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. போன ஆண்டு நானும் இதே புலம்பலோடு திரிந்தவள்தான். ஆனால் உடம்பின் மேல் அவர் போட்ட பழியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் 26 ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள், "இடுப்பு 34 அக்கா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நாடாவைச் சுற்றினால் 37½ இருக்கும். பொய் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. என்றோ எடுத்த அளவு மனத்தில் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் யார் என்ன சொன்னாலும் நாடா பிடிக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. அப்படிப்பட்டவள் என் தட்டில் விழுவதை மட்டும் 56 வயது வரை கண்ணளவிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆண்டு பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார்கள். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு என் எடை அப்போது 78.4 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 32ஐத் தாண்டியிருந்தது. நம் ஆசிய உடல்வாகுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். பயந்துபோய்க் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, சாப்பிடுவதை எல்லாம் அதில் பதியத் தொடங்கினேன். பரோட்டாவை நிறுத்தினேன். மாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். நான்கு மாதத்தில் 72.6 கிலோவுக்கு வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். ஒன்பது வாரம்! செயலியைப் பார்த்தால் நாளொன்றுக்கு 1,300 கலோரிதான் உள்ளே போகிறது என்கிறது. எடைப் பொறியோ காலையில் ஏறினாலும் இரவில் ஏறினாலும் அதே இடத்தில் நிற்கிறது. கோபத்தில் இரவுச் சாப்பாட்டை விட்டேன். மூன்றாம் நாள் மயக்கம் வந்ததுதான் மிச்சம்.

தைராய்டாக இருக்கும் என்று மகள் சொன்னாள். சோதித்தார்கள், சரியாகவே இருந்தது. அப்போதுதான் அங்கிருந்த தாதி, என் மகள் வயதுதான் இருக்கும், என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று போட்டிருக்கிறீர்களே, எந்தக் கரண்டியால் அளந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எந்த வீட்டில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார்கள்? புட்டியைச் சாய்த்தால் விழுகிறது, போதும் என்று கை சொல்லும்போது நிமிர்கிறது. அதற்குப் பெயர்தானே கைப்பக்குவம்!

வீட்டுக்குப் போகும் வழியில் 14 வெள்ளிக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன்.

மறுநாள் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. தாளிக்கும் முன் நல்லெண்ணெய்ப் புட்டியைத் தராசில் நிறுத்தினேன்: 914 கிராம். அளந்து ஊற்றக் கூடாது, எப்போதும்போல் ஊற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊற்றினேன். கடுகு வெடித்தது, வெந்தயம் சிவந்தது, கத்தரிக்காயைப் போட்டதும் எண்ணெய் போதவில்லை என்று கை தானாக இன்னொரு சாய்ப்புச் சாய்த்தது. அந்த இரண்டாவது சாய்ப்பு இத்தனை ஆண்டுகளாக என் கணக்கிலேயே இருந்ததில்லை. மறுபடி புட்டியை வைத்தேன்: 876. ஆக 38 கிராம் எண்ணெய். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் பங்கு 114 கலோரி. செயலியில் நான் எழுதி வந்தது 40.

சோற்றின் கதையும் அதுவே. ஒரு கிண்ணம், 150 கிராம் என்று பதிந்துகொண்டிருந்தேன். தட்டைத் தராசில் வைத்துப் பரிமாறிப் பார்த்தால் 232 கிராம். வடித்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. நூறு கலோரிக்கு மேல் அங்கேயே ஒளிந்திருந்தது.

தேநீர்தான் என்னைச் சிரிக்க வைத்தது. கீழே உணவங்காடி நிலையத்தில் காலையில் ஒரு தே, மதியம் மூன்று மணிக்கு ஒரு தே. காலைத் தேநீரை '40 கலோரி' என்று பதிவேன். மூன்று மணித் தேநீர் பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக்கொண்டே குடிப்பது. அது பதிவில் ஏறியதே இல்லை. பேச்சோடு போகிற பண்டம் கணக்கில் வராது என்று ஒரு நினைப்பு. தராசையும் என் சொந்தக் குவளையையும் தூக்கிக்கொண்டு போய், பாலை மட்டும் முதலில் ஊற்றச் சொன்னேன். "என்ன அக்கா, தங்கமா நிறுக்கிறீர்கள்?" என்றார் கடைக்காரர். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இனிப்புக் கெட்டிப்பால் 31 கிராம். அது மட்டுமே நூறு கலோரிக்கு அருகில். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை, கிட்டத்தட்ட 17 கிராம். இரத்தச் சர்க்கரைக்குப் பயந்து வீட்டில் காப்பிக்குச் சீனி போடாமல் இருந்தவள் நான்!

வாடிக்கையாளர்களுக்காக மேசையில் வைத்திருக்கும் முறுக்கு டப்பாவைப் பற்றி விரிவாக எழுத வெட்கமாக இருக்கிறது. பேரன் தட்டில் விட்டுப்போகும் அரைத் தோசையைப் பற்றியும்தான். வீணாகப் போகக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்கிறோம். குப்பைத் தொட்டிக்குப் பதில் நம் வயிறு.

கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்கு 400 கலோரிக்கு மேல் பதிவில் இல்லை. செயலி சொன்ன 1,300 உண்மையில் 1,700ஐத் தாண்டியிருக்கிறது. என் உயரம், எடை, வயது, மெஷினில் உட்கார்ந்து செய்யும் வேலை, மாலை நடை எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்டால், என் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதும் ஏறத்தாழ 1,700தான். வரவும் செலவும் சரியாக இருந்தால் கையிருப்பு எப்படிக் குறையும்?

முதல் நான்கு மாதம் மட்டும் எப்படி இளைத்தேன் என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் இதற்கு விடை இருக்கிறது. தொளதொளவென்ற சட்டையில் அரை அங்குலம் பிசகினால் யாருக்கும் தெரியாது. ரவிக்கையில் பிசகினால் கொக்கி மாட்டாது. தொடக்கத்தில் பரோட்டாவையும் நெய்ச் சோற்றையும் விட்டதில் பெரிய இடைவெளி இருந்தது, என் பிசகுகள் அதற்குள் அடங்கிவிட்டன. எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறைகிறது. ஆறு கிலோ போனதில் எனக்கு நாளுக்கு 80 கலோரி அளவு தேவை குறைந்திருக்கும். அதே சமயம் கை தளர்கிறது. முதல் மாதம் பயந்து பயந்து பரிமாறியவள் ஐந்தாம் மாதம் தாராளமாகிவிடுகிறாள்.

மகள் ஓர் ஆய்வைத் தேடிப் படித்துக் காட்டினாள். 1992இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். உடம்பு செலவழிக்கும் சக்தியைக் கருவிகள் வைத்து அளந்தால், அது எதிர்பார்த்த அளவில்தான் இருந்ததாம். அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உழைத்ததை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். மகள் இதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வந்தது. இடுப்பு 34 என்று சொல்லும் என் வாடிக்கையாளர்களைப் போலத்தான் அவர்களும்.

தப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்றும் இல்லை. பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்து அவரும் தராசு வாங்கினார். வடித்த சோற்றை நிறுத்துவிட்டு, செயலியில் 'அரிசி' என்று தேடிப் பதிந்தார். அது வேகாத அரிசியின் கணக்கு, 100 கிராமுக்கு 360 கலோரி. ஒரு வேளைச் சோறு 800ஐத் தாண்டுகிறதே என்று மிரண்டு, ஒரு வாரம் சோற்றையே தொடாமல் சோர்ந்துபோனார். ஒரு பங்கு அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று பங்கு எடையாகிறது, கூடுவதெல்லாம் தண்ணீர். எந்த நிலையில் நிறுத்தோமோ அந்த நிலையின் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பானங்களில் ஒட்டியிருக்கும் 'நியூட்ரி-கிரேட்' எழுத்தை, அதாவது 'ஏ' முதல் 'டி' வரை பானத்தைத் தரம் பிரிக்கும் எழுத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். 2022 இறுதியில் புட்டி, பொட்டல பானங்களுக்கும், அடுத்த ஆண்டு இறுதியில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது வந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எழுத்து 100 மில்லிலிட்டருக்கான கணக்கு. 'பி' தரம் என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். 250 மில்லிலிட்டர் பொட்டலத்தைக் குடித்தால் 12.5 கிராம் வரை போகும். 'பி'தானே என்று இரண்டு குடித்தால் 25. எழுத்து பானத்தைப் பற்றிச் சொல்கிறது. நாம் எவ்வளவு குடித்தோம் என்பதை அது எப்படிச் சொல்லும்?

அதன் பிறகு நான் பெரிதாக எதையும் துறக்கவில்லை. காலைத் தேநீர் அப்படியே இருக்கிறது, மூன்று மணிக்கு மட்டும் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கொசோங்'. எண்ணெய் புட்டியிலிருந்து நேராகச் சட்டிக்குப் போவதில்லை. சோறு 170 கிராம். முறுக்கு டப்பாவை வாடிக்கையாளர் நாற்காலிப் பக்கம் தள்ளிவிட்டேன். ஏழு வாரத்தில் 70.8 கிலோ. 1.8 கிலோதானா என்று கேட்பவர்கள் இரண்டு கிலோ ஆட்டிறைச்சியைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். நடுவில் தீபாவளி விருந்துக்கு மறுநாள் 1.3 கிலோ ஏறி நின்றது. பழைய நானாக இருந்தால் எல்லாவற்றையும் விட்டிருப்பேன். ஒரே இரவில் அவ்வளவு கொழுப்புச் சேராது, உப்போடு தங்கிய நீர்தான் என்று பொறுத்திருந்தேன். நான்கு நாளில் இறங்கியது.

புரட்டாசிச் சனிக்கிழமை சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் பந்தியில் தராசை எடுத்து வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தேவையும் இல்லை. இரண்டு வாரம் வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 170 கிராம் சோறு தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. இப்போது நான் தினமும் நிறுப்பதில்லை. எடை நின்றால் ஒரு வாரம் தராசை இறக்குவேன். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு பருக்கைக்கும் கவலைப்படும் மனம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. நான் பயன்படுத்தும் செயலியில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்றுதான் இருக்கிறது. யார் வீட்டுக் கிண்ணம்? நம் வீட்டில் கிண்ணம் ஏது, கரண்டிதானே? உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வாரம் ஒரு வீட்டுச் சமையலை, ஊற்றிய எண்ணெய் முதல் தட்டில் விழுந்த எடை வரை நிறுத்து வெளியிட்டால் என்ன? வாசகர்கள் தங்கள் குழம்புக் கரண்டியை நிறுத்து எழுதி அனுப்பட்டும். நானே தொடங்கி வைக்கிறேன். என்னுடைய எவர்சில்வர் கரண்டி தளும்பப் பிடித்தால் 85 கிராம். மாமியார் விட்டுச்சென்ற பித்தளைக் கரண்டி 140. விருந்தாளிகள் வந்தால் அந்தப் பித்தளைக் கரண்டிதான் வெளியே வரும்.

இப்படிக்கு,
தேக்கா தையற்காரி ஒருத்தி