செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் பலகை ஆட்ட மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மன்றத்தில் நடந்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை அமர்வுகள் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் காரணமாக அமர்வு ரத்து செய்யப்பட்டது. பொங்கல் வாரத்திலும் அமர்வு இல்லை. மே மாதம் பள்ளி மாணவர்களுக்கான அறிமுக நாள் நடந்தது. செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடியது.

வீடியோ கேமிலிருந்து மேசைக்கு வந்த மினியேச்சர் (சிறு பொம்மைக் காய்) ஆட்டங்களை, அதுவும் எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆடும் கோ-ஆப் ஆட்டங்களை, இந்த ஆண்டு முதன்மையாக எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். அதன்படி 2011இல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ ஆடப்பட்டது. அதில் கையில் பிடித்திருக்கும் ஆர்டர் கார்டுகள்தான் வீரரின் உயிரும். அடிபட்டால் கார்டு போகும்; கார்டு போனால் அடுத்த முறை செய்யக்கூடியதும் சுருங்கும். ‘ரெசிடென்ட் ஈவில் 2’ம் ஆடினோம். ஒருவர் தன் முறையில் நான்கு செயல்கள் செய்ய, எதிரிகள் பதிலுக்கு அசைய, கடைசியில் ஒரு டென்ஷன் கார்டு எடுக்க வேண்டும். அந்தக் கார்டுக் கட்டு தீர்ந்துவிட்டால் ஆட்டம் தோல்வி. ஆகவே கதவைத் திறக்கலாமா என்று கால் மணி நேரம் பேசுவதை விட, வேகமாக நகர்ந்து, அந்தக் கட்டைப் புதுப்பிக்க உதவும் இங்க் ரிப்பனைத் தேடுவதே மேல் என்பதை இரண்டாம் அமர்விலேயே எல்லோரும் கண்டுகொண்டார்கள். ‘பிளட்போர்ன்’ ஆட்டத்தில் பகடையே கிடையாது, முழுக்க கார்டு. அதைத் தொடங்கினோம், முடிக்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

ஆண்டின் பெரும்பகுதி ‘டார்க் சோல்ஸ்’ பலகை ஆட்டத்துக்கே போனது. மன்றத்தின் நேரத்தையும் பணத்தையும் அதில் ஏன் செலவிட்டோம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 37 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2017இல் வெளிவந்த இந்தப் பெட்டி நம் அலமாரியில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பிரித்து அடுக்கவே நேரம் போய்விடும். இரண்டு, விதிப்புத்தகத்தில் உள்ளபடி ஆடினால் அதே அறைகளில் மறுபடி மறுபடி சண்டையிட்டு, ஆட்டத்தின் நாணயமான சோல் சேர்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர்கள், கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸைப் பார்க்காமலேயே எழுந்து போவார்கள்.

முதல் காரணத்துக்குத் தீர்வு அடுக்கும் முறையில் இருந்தது. இப்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஜிப் பை: அதில் பாத்திரப் பலகை, தொடக்க ஆயுதக் கார்டுகள், சிவப்புக் கட்டை 10, கறுப்புக் கட்டை 10, காயம் ஆற்றும் எஸ்டஸ் டோக்கன், அதிர்ஷ்ட டோக்கன், ஹீரோயிக் டோக்கன். பாத்திரத்தின் பட்டையில் பத்தே கட்டம். சோர்வு (கறுப்பு) இடப்பக்கமிருந்தும் காயம் (சிவப்பு) வலப்பக்கமிருந்தும் வந்து நிரம்பினால் மரணம். அதனால் எந்த நிறத்திலும் பத்துக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. எதிரிக் கார்டுகளை 1, 2, 3 என நிலைவாரியாகத் தனித்தனி டப்பாவில் வைத்தாயிற்று. பாஸ் ஒவ்வொன்றுக்கும் அதன் கார்டுகளோடு தனி உறை. கார்டுகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டு, டப்பாவுக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டிருக்கிறோம். சென்னைக் காற்றில் ஸ்லீவ் இல்லாத கார்டு ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துவிடும். வளைந்த கார்டு கட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆட்டம் கெட்டது.

இரண்டாவதற்கு, பல நாடுகளிலும் ஆடுவோர் கடைப்பிடிக்கும் ஒரு மாற்றத்தை நம் மேசைக்கேற்ப எடுத்துக்கொண்டோம். மூல விதியில் ஓர் அறையை வென்றால் ஆளுக்கு 2 சோல். நம் விதியில் 4. ஒரு சோலுக்கு ஒரு புதையல் கார்டு என்பதில் மாற்றமில்லை. போன்ஃபயர் என்ற தங்குமிடத்தில் ஓய்வெடுத்தால் எல்லா அறைகளும் மீண்டும் உயிர்பெறும் என்பது மூல விதி. நம் மேசையில் முதல்நிலை அறைகள் மட்டும் வென்றது வென்றதாகவே இருக்கும். இதனால் ஆட்டம் எளிதாகிவிட்டது என்ற புகார் வந்தது. ஆகவில்லை. பாஸின் உயிரும் அடியும் அப்படியே இருக்கின்றன. குறைந்தது திரும்பத் திரும்பச் செய்யும் வேலை மட்டுமே.

இந்த ஆட்டத்தின் உயிர் பாஸ் சண்டையில் இருக்கிறது. பாஸ் செய்யப்போவதை ஒரு சிறு கார்டுக் கட்டு தீர்மானிக்கிறது. கட்டு முடிந்ததும் கலைக்காமல் அப்படியே திருப்பி வைப்பதுதான் பொது விதி. ஆக, முதல் சுற்றில் அடி வாங்கினாலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், இரண்டாம் சுற்றில் அடுத்த அடி எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துவிடும். பாஸின் உயிர் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் ஹீட்-அப் கார்டு என்ற புதிய தாக்குதல் கார்டு ஒன்று சேர்ந்து, கட்டு கலைக்கப்படும். மனப்பாடம் செய்ததை மறுபடி செய்ய வேண்டும். வீடியோ கேமில் பல முறை செத்துச் செத்துக் கற்கும் அந்த அனுபவத்தை ஒரு சில கார்டுகளில் கொண்டுவந்திருப்பதை நான் இன்னும் வியக்கிறேன். ஒவ்வொரு கார்டிலும் அந்த நேரத்தில் பாஸின் பலவீனமான பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் ஒரு கறுப்புப் பகடை கூடுதல். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள். அதனால் இப்போது ஒருவர் தாளில் கார்டு வரிசையையும் பலவீனப் பக்கத்தையும் எழுதிக்கொண்டே வருகிறார்.

இனி வண்ணப் பணி. இதற்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

சாம்பல் நிற பிளாஸ்டிக்கில், எதிரிகளான ஹாலோ சோல்ஜரும் கிராஸ்போ ஹாலோவும் விளக்கொளியில் ஒன்றாகவே தெரியும். ஒருவன் அருகில் வந்து வெட்டுபவன், மற்றவன் தூரத்திலிருந்து எய்பவன். இரண்டையும் குழப்பி நின்ற இடத்துக்காகப் பல அறைகளை இழந்திருக்கிறோம். பாஸின் அடித்தட்டிலும் முன், பின், இடம், வலம் பளிச்சென்று தெரிய வேண்டும். எனவே வண்ணம் அலங்காரத்துக்கு அல்ல, ஆட்டத்துக்கே தேவை என்று செயற்குழு ஏற்றுக்கொண்டது.

அடுத்து செய்ய முன்வருவோருக்காக முறையைப் பதிவு செய்கிறேன். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, ஓர் இரவு உலர விடவும். அச்சிலிருந்து எளிதில் கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் தோலாக உரியும். வளைந்த ஈட்டி, வாள் எல்லாவற்றையும் கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்த நிலையில் சட்டென்று குளிர்ந்தால்தான் நிற்கும். கையில் வைத்து மெல்ல ஆறவிட்டால் மறுநாள் பழைய வளைவுக்கே திரும்பும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழுந்த கோட்டை பிளேடின் முதுகால் சுரண்டவும்; கூர்முனையால் சீவினால் மென்மையான பிவிசி பிய்ந்து நாராக எழும். உடைந்ததை ஒட்ட சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) போதும். பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனை உருக்கி ஒட்டுவது. பிவிசியில் அது பிடிக்காது.

நிறத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சான பிரைமரில்தான் பலருக்கும் தவறுகிறது. ஸ்ப்ரே கேன் பிரைமர்களில் சில, மென்மையான பிவிசியில் உள்ள பிளாஸ்டிசைசரோடு (அதை மென்மையாக்கும் வேதிப்பொருள்) வினைபுரிந்து, எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். புதிய கேனை முதலில் ஓர் அடித்தட்டின் கீழ்ப்புறத்தில் அடித்து, இரண்டு நாள் பார்க்கவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரேயே வேண்டாம். ஈரக்காற்றில் வெண்படலம் படியும். மே மாத வெயிலில் நேர்மாறு: துளி வழியிலேயே உலர்ந்து மணல்போல் ஒட்டும். நாங்கள் நீரில் கரையும் பிரைமரை பிரஷ்ஷால் மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்தோம். மேலே அடிப்படை நிறம், பள்ளங்களில் தேங்கும்படி நீர்த்த கரும்பழுப்பு வாஷ், அது முழுதாக உலர்ந்தபின் மேடுகளில் மட்டும் உலர் பிரஷ் (பெயிண்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் லேசாகத் தடவுவது). கடைசியில் நீர்வகை பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சு. காட்சிக்கு வைக்கும் பொம்மைக்கு ஒன்று போதும்; வாராவாரம் வியர்த்த விரல்கள் தொடும் காய்க்குப் போதாது. எதிரிகளைப் பிரித்தறிய, அடித்தட்டு விளிம்பில் ஹாலோ சோல்ஜருக்குப் பழுப்பு, கிராஸ்போவுக்கு மஞ்சள், சில்வர் நைட் வாள்வீரனுக்கு நீலம், வில்லாளிக்கு வெள்ளை, சென்டினலுக்கு சிவப்பு. அடியில் 5×1 மி.மீ. காந்தம் ஒட்டி, ஜி.ஐ. தகடு பதித்த பெட்டியில் நிறுத்தியிருக்கிறோம். ஆட்டோவில் கொண்டுபோனாலும் ஒன்றோடொன்று உரசாது.

இவ்வளவும் செய்தபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் வண்ணம் பூசித் தருவதாக எடுத்துச்சென்ற மினியேச்சர்கள் சில இன்னும் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று சென்டினல். ஒரே சென்டினலை வைத்துக்கொண்டு, இரண்டு கேட்கும் எதிரிக் கார்டுகளை ஒதுக்கிவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம். பூசி முடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பூசாமலே கொடுத்தாலும் மன்றம் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளும்.

வருகையைப் பற்றி. செஸ் மேசையில் ஒருவர் வராவிட்டால் ஒரு மேசை மட்டும் காலி. இங்கே அப்படி அல்ல. ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தில் ஒருவரின் முறைக்கும் அடுத்தவரின் முறைக்கும் நடுவே எதிரிகள் அனைவரும் அசைவார்கள். தன் முறை வரும்போதுதான் ஒருவருக்கு இரண்டு கறுப்புக் கட்டை திரும்பக் கிடைக்கும். நால்வர் ஆடினால், அந்த இரண்டு கட்டைக்காக எதிரியின் நான்கு அசைவுகளைத் தாங்க வேண்டும். மூவர் என்றால் மூன்று. ஓய்வெடுக்கவோ செத்தபின் மீண்டும் தொடங்கவோ செலவாகும் ஸ்பார்க்கின் எண்ணிக்கையும் ஆளுக்கேற்ப மாறும்: நால்வருக்கு 2, மூவருக்கு 3. நால்வருக்கென்று அடுக்கிய மேசைக்கு மூவர் வந்தால் முழுவதையும் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். வராதவரின் பாத்திரத்தை இன்னொருவர் சேர்த்து ஆடலாம். கணக்கு சரியாக இருக்கும், ஆனால் இரண்டு பாத்திரம் வைத்திருப்பவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோ-ஆப் ஆட்டத்தை மெல்லக் கொல்வது அதுதான். இதற்காகத்தான், கேட்டால் மட்டும் யோசனை, முடிவு அவரவர் முறையில் அவரவருடையது என்ற விதியைக் கொண்டுவந்தோம். ‘பிளட்போர்ன்’ தொடர் பாதியில் நின்றதற்கும் இதுவே காரணம். இரண்டாம் பகுதியிலிருந்து நான்காவது வேட்டைக்காரர் வரவில்லை. தகவலும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒரு வரிச் செய்தி அனுப்பினால் போதும், மூவருக்கான மேசையை அடுக்கிக்கொள்வோம். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வரும் செய்தியால் யாருக்கும் பயனில்லை.

சந்தா நிலவரம் இதைவிட வருத்தம் தருகிறது. உறுப்பினர்களில் கணிசமானோர் ஆண்டின் முதல் பாதிக்கு மட்டுமே செலுத்தியிருக்கிறார்கள். சிலர் அதுவும் இல்லை. பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற கருத்து செயற்குழுவில் எழுந்தது. நான் வேண்டாம் என்றேன். நினைவூட்டல் தனித்தனியாக அனுப்பப்பட்டிருக்கிறது. அரங்க வாடகை மாதம் தவறாமல் கட்டப்படுகிறது, அது யார் பணத்தில் கட்டப்படுகிறது என்பதை ஒழுங்காகச் செலுத்துவோர் அறிவார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, பெரும் செலவு வாடகை. அடுத்து மின்கட்டணம், ஸ்லீவ், பெயிண்ட், பிரைமர், காந்தம், பெட்டிகள். அறிமுக நாளில் வந்த நன்கொடை சிற்றுண்டிச் செலவை ஈடுகட்டியது. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. சிறு கையிருப்பு உண்டு. விவரமான வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் தனியே வைப்பார்கள். வண்ணப் பணிக்கான ரசீதுகள் அனைத்தும் கோப்பில் உள்ளன. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். புதிய பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதன் விலையோடு கப்பல் கட்டணமும் சுங்கமும் சேரும் என்பதையும், இருக்கும் பெட்டியை ஆடத்தக்கதாக்க ஆன செலவு அதில் ஒரு சிறு பகுதியே என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அரங்கை வாடகைக்குத் தந்தவர்களுக்கும், புயல் வாரத்தில் பெட்டிகளை மேல்தளத்துக்கு ஏற்றி உதவிய இளம் உறுப்பினர்களுக்கும், வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்கு ‘மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு’ பலகை ஆட்டத்தின் ‘ஏன்ஷியன்ட் ஃபாரஸ்ட்’ பெட்டியை வாங்கலாம் என்பது என் பரிந்துரை. நான்கு வேட்டைக்காரர்கள், நான்கு வகை ஆயுதங்கள், ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனிக் கார்டுக் கட்டு. கிரேட் ஜாக்ரஸில் தொடங்கி ரத்தலோஸ் வரை நான்கு மிருகங்கள். வீழ்த்திய மிருகத்தின் உறுப்புகளிலிருந்தே அடுத்த கவசமும் ஆயுதமும் செய்துகொள்ள வேண்டும் என்பதால், வேட்டை தவறியவர் பின்தங்கிவிடுவார், அவரோடு அணியும் பின்தங்கும். பாதியில் விட்டுப் போகிறவர்களை வைத்துத் தொடங்கக்கூடிய ஆட்டம் அல்ல இது. கையிருப்பு மட்டும் இதற்குப் போதாது. நிலுவைச் சந்தா முழுதும் வந்தால், தனி வசூல் எதுவும் இல்லாமலே வாங்கிவிடலாம் என்று பொருளாளர் சொல்கிறார்.

இந்தத் தொடருக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமைக்குள் என்னிடமோ பொருளாளரிடமோ சொல்லவும். சந்தா நிலுவை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை. மேசைக்கு நான்கு இருக்கைதான். மினியேச்சர் வைத்திருப்பவர்கள் அன்றே கொண்டுவந்தால் நல்லது, சென்டினல் உட்பட.

இங்ஙனம்,
செயலாளர்