ஈயக் குழாயும் பிளாஸ்டிக் குருணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிளாஸ்டிக்கால் மனித நாகரிகமே அழிந்துபோகுமா என்று கேட்ட சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். அப்படி ஒரேயடியாக அழிந்துவிடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரோமாபுரி ஈயத்தால் வீழ்ந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. ஆனால் ஈயக் குழாய்த் தண்ணீர் உடம்புக்கு ஆகாது, மண் குழாயே மேல் என்று விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஈய வேலை செய்கிறவர்களின் வெளிறிப்போன உடம்பையே சாட்சி காட்டினார். யார் கேட்டார்கள்? சாம்ராஜ்யம் பாட்டுக்கு நடந்தது, ஜனங்கள் ஈயத்தைக் குடித்தார்கள்.

நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். கழுத்துத் தமனி அடைப்பை அறுவை செய்து எடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களின் அடைப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்த அபாயம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபின், எங்கள் குமரிக் கடற்கரையில் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுச் சலித்தாலும் தீராது. 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது கொட்டியதும் இதுதான், ஆயிரம் டன்னுக்கும் மேல். இதை யாரும் கடையில் வாங்கவில்லை, தெருவில் வீசவும் இல்லை. பையாகவோ பாட்டிலாகவோ ஆகும் முன்பே கடலுக்குப் போன மூலப்பொருள். ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று திட்டும் வழக்கமான பிரசங்கம் இங்கே எடுபடாது. (மஞ்சப்பையைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் கொண்டுபோகிறேன்.)

1950இல் உலகம் ஆண்டுக்கு 20 லட்சம் டன் பிளாஸ்டிக் செய்தது. இன்று 40 கோடி டன்னுக்கு மேல். இதைக் குறைக்கலாமா என்ற இடத்தில்தான், பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக ஒப்பந்தம் போடுவதற்கான ஐ.நா. பேச்சுவார்த்தை 2024இல் தென்கொரியாவின் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முட்டி நின்றது. ஓசோன் படலத்துக்காக 1987இல் மான்ட்ரியலில் கூடிய நாடுகள், கெடுக்கும் வாயுக்களின் உற்பத்தியிலேயே கைவைத்தன. பிளாஸ்டிக் என்றதும் எண்ணெய் வள நாடுகள் மறுக்கின்றன. உற்பத்திக்கு வரம்பு கூடாது என்று பூசானில் இந்தியாவும் சொன்னது. நாகரிகத்தின் முடிவைப் பற்றி எழுதிய தாங்கள், நம் அரசு ஏன் அப்படிச் சொன்னது என்பதையும் ஒரு கட்டுரையாக விசாரித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்